கிரகணத்துக்கு வெட்டின படம்

அந்தக் கவர மடிக்காதீங்க தம்பி. இங்க குடுங்க, நான் சன்னல் பக்கம் சொருகி வைக்கிறேன். இப்படி நிமித்தி வச்சாத்தான் நிக்கும். எக்ஸ்ரேயா? யாருக்கு, அப்பாவுக்கா? கால் எலும்பா... எலும்புன்னா கவலைப்படாதீங்க, கூடிரும். ஆனா கூடுனதுக்கு அப்புறமும் இந்தப் படத்தத் தூக்கிப் போட்றாதீங்க. அஞ்சு வருசம் கழிச்சு ஒரு டாக்டரு வந்து "பழைய படம் எங்க"ன்னு கேப்பாரு. அன்னிக்கி முழிக்கக் கூடாது.

நான் முழிச்சேன். ஒரு மாசமா முழிச்சேன். இன்னிக்கி அந்த டாக்டரம்மா என்னைய வெளிய போயி ஒக்காருங்கன்னுட்டாங்க. எம் பொண்டாட்டிக்கு வைத்தியம் பாக்க, என்னைய வெளிய.

அந்தா, முன்னாடி லேடீஸ் சீட்டுல சன்னலோரமா, மஞ்சச் சேலை. அவதான். பேரு இந்திராணி. நீங்க ஒக்காந்திருக்கீங்கள்ல, இது அவளுக்குன்னு நான் துண்டப் போட்டுப் புடிச்சு வச்ச எடம். பஸ்ஸுல ஏறுனா, என்னையப் பாத்தா, எடத்தப் பாத்தா, நேரா அங்க போயி ஒக்காந்துட்டா. எப்பவும் நான் சன்னலோரம், அவ இந்தப் பக்கம், அப்படித்தான் போவோம் வருவோம். முப்பத்தொம்போது வருசம். இன்னிக்கி என்னமோ புதுசா. சரி, காத்து வேணும்போல.

நீங்க எதுவரைக்கும்? சத்திரப்பட்டியா. நாங்க நத்தம். சரி, கொஞ்ச நேரம் இருக்கு. கேளுங்க, யார்கிட்டயாவது சொல்லலன்னா எனக்கு ஆத்தாது.

எம் பேரு தவமணி. கவர்மெண்ட் ஹைஸ்கூல்ல லேப் அசிஸ்டெண்டா முப்பத்திரண்டு வருசம் இருந்தேன். எங்க ஊருல வந்து லேப்பு தவமணி வீடு எதுன்னு கேட்டா சின்னப் புள்ள கூடக் காட்டும். எதுக்குச் சொல்றேன்னா, நான் ஒண்ணும் வெவரம் தெரியாத ஆளு இல்ல. அமிலம், காரம், மின்சாரம், காந்தம் எல்லாம் இந்தக் கையில பொழங்குன ஆளு. அந்த டாக்டரம்மாகிட்டயும் மொத நாளே சொல்லிட்டேன், சயின்ஸ் எனக்குத் தெரியும், எதுன்னாலும் எங்கிட்டச் சொல்லுங்கன்னு.

இந்திராணிக்கு ஆறு வருசமா ஒடம்பு சரியில்ல. மொதல்ல காய்ச்சல், மூட்டு வலி. அப்புறம் கால்ல செவப்பு செவப்பாத் தடிப்பு. அப்புறம் தலவலி. சாதாரணத் தலவலி இல்ல, செவுத்துல நெத்திய வச்சு அமுத்திக்கிட்டே நிப்பா. ஒரு நா கைகால் வெட்டி வெட்டி இழுத்துருச்சு. அப்பத்தான் கண்டுபிடிச்சாங்க, ரத்தக்குழாய் அழற்சின்னு. நம்ம ஒடம்பக் காவல் காக்குற சக்தி ஒண்ணு இருக்குல்ல, அது ஆளு அடையாளம் தெரியாம நம்ம ரத்தக்குழாயவே எதிரின்னு நெனச்சு அடிக்குதாம். குழாய் வீங்கி அடச்சுக்கிட்டா அதுக்கு அங்கிட்டு இருக்கிற மூளைக்கு ரத்தம் போகாது. வாய்க்காலு அடைச்சா கடமடை வயலு காயிற மாதிரி. காஞ்ச எடம் ஸ்கேன் படத்துல வெள்ளப் புள்ளியாத் தெரியும்.

இதெல்லாம் நான் டாக்டரக் கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். அவகிட்டச் சொல்லல. பயந்துருவால்ல. ரத்தம் கொஞ்சம் கெட்டுருக்கு, மாத்திரையச் சாப்பிட்டாச் சரியாயிரும்னு மட்டும் சொல்லி வச்சிருந்தேன். அப்ப எடுத்த ஸ்கேன் படத்தக் கூடக் கையில குடுக்கல. ஒரு நா கேட்டா, "அதுல என்னங்க தெரியுது, நான் பாக்கலாமா"ன்னு. உனக்கு அதெல்லாம் புரியாது விடுன்னுட்டேன். எடுத்து பீரோ மேல வச்சுட்டேன். எது எத்தன மணிக்கு எந்த மாத்திரைன்னு நோட்டுல எழுதி வச்சு, வெயில்ல போகாத, அதத் தின்னாதன்னு பாத்துக்கிட்டது நானு. டாக்டருங்க கேக்குறதுக்குப் பதில் சொல்றதும் நான்தான். அவளுக்குக் கோர்வையாச் சொல்ல வராது. ஆரம்பிச்சா எங்கெங்கயோ போவா, டாக்டருக்கு நேரம் இருக்கா?

ஆனா ஒரு வருசமா ஆளு சரியில்ல தம்பி. சீக்கச் சொல்லல, அது கட்டுப்பாட்டுலதான் இருக்குன்னு நெனச்சேன். கவனத்தச் சொல்றேன். அப்படியொரு அசால்ட்டு. கண்ணாடி டம்ளரு ஆறு வாங்கி வச்சிருந்தேன், இன்னிக்கி ஒண்ணு இருக்கு. புடிச்சிக்கிட்டு இருக்கும்போதே கீழ விடுறா. ரசத்துல ரெண்டு தடவ உப்புப் போடுறா. இல்லன்னா போடவே மாட்டா. அவ கோலம் போட்டா எங்க தெருவே நின்னு பாக்கும், கோடு நூல் புடிச்ச மாதிரி இருக்கும். இப்ப எடது பக்கம் வந்தா அப்படியே விட்டுட்டு எந்திரிச்சிற்றா. ஏன்டி பாதியில விட்டன்னா, போட்டுட்டேனேன்னு என்னையப் பாக்குறா. சந்தையில நடந்து போயிக்கிட்டிருக்கோம், எடது காலுச் செருப்பு கழண்டு பின்னாடி கெடக்கு. இவபாட்டுக்கு வெறுங்காலோட போறா. நான்தான் திரும்பிப் போயி எடுத்துட்டு வந்தேன், அத்தன சனத்துக்கு நடுவுல. கோவம் வருமா வராதா சொல்லுங்க.

தைப்பொங்கலுக்கு முந்தியா என்னமோ, "கை மரத்த மாதிரி இருக்குங்க"ன்னா. எனக்குந்தான் மரக்குது, வயசாகலையா, நல்லா ஒதறி விடுன்னேன். அப்புறம் அதப் பத்திப் பேச்சே எடுக்கல. அதனால சரியாப் போச்சுன்னு நான் விட்டுட்டேன்.

பொரட்டாசி மாசம் குழாயடியில விழுந்துட்டா. கொடத்தோட. பாசி வழுக்கிருச்சுன்னுதான் நெனச்சேன். எம் மகதான் போன்ல கத்து கத்துன்னு கத்தி, "அம்மாவ ஒடனே பெரிய டாக்டருகிட்டக் காட்டுங்கப்பா"ன்னுச்சு. முன்னாடி பாத்த டாக்டரு ரிட்டயர் ஆயிட்டாரு. அந்த எடத்துக்கு இந்த அம்மா, பெனிட்டான்னு பேரு. எம் மகள விட ரெண்டு வயசு கூட இருக்கும். நல்ல டாக்டருன்னு சொன்னாங்க. நல்ல டாக்டருதான், நான் இல்லங்கல.

மறுபடி மூளை ஸ்கேன் எடுக்கணும்னாங்க. ஊசி போட்டு ரத்தக்குழாயையும் சேத்து எடுக்கிறது. அந்த ரூமுக்குள்ள இரும்பு ஆகாது, அது காந்தம், எனக்குத் தெரியும். தோடு, வளையல், கொண்ட ஊசி வரைக்கும் நானே கழட்டி வாங்கிக்கிட்டேன். ஒரு பாரம் குடுத்தாய்ங்க, இருவது கேள்வி. ஒடம்புல கம்பி இருக்கா, கை கால் மரத்துப் போகுதா, சிறுநீரகக் கோளாறு இருக்கான்னு. இல்ல, இல்ல, இல்லன்னு வரிசையா டிக் போட்டுக் குடுத்தேன். அவ என் தோளு வழியா எட்டிப் பாத்தா. "என்னங்க கேட்டிருக்கு"ன்னா. ஒண்ணுமில்ல, நீ உள்ள போன்னேன்.

படம் வந்துச்சு. இவ பயந்துருவான்னு வெளிய பெஞ்சுல ஒக்கார வச்சுட்டு, நான் மட்டும்தான் ஒவ்வொரு தடவையும் உள்ள போனேன். டாக்டரம்மா அத வெளக்குப் பொட்டியில மாட்டி ரொம்ப நேரம் பாத்தாங்க. பாத்துட்டு, "வெள்ளப் புள்ளி நெறைய இருக்குது ஐயா. பழைய படம் கொண்டாந்திருக்கீங்களா"ன்னாங்க.

அங்க புடிச்சது தம்பி சனி.

வீட்ல இருக்கும்மான்னுட்டேன். அடுத்த வாரம், மறந்துட்டேம்மான்னேன். அதுக்கடுத்த வாரம் அந்தம்மா நாற்காலிய என் பக்கம் திருப்பிப் போட்டு ஒக்காந்து சொன்னாங்க. "ஐயா, இந்தப் புள்ளிங்க பழசா புதுசான்னு இந்தப் படத்த மட்டும் பாத்துச் சொல்ல முடியல. அஞ்சு வருசத்துக்கு முன்னாடியே இருந்தா அது ஆறுன தழும்பு. நோய் அடங்கியிருக்குன்னு அர்த்தம், நான் மாத்திரையக் கொறைக்கணும். ஸ்டீராய்டு அவங்க எலும்பையும் சர்க்கரையையும் கெடுத்துக்கிட்டிருக்கு. அதுவே புதுசுன்னா நோய் உள்ள எரிஞ்சுக்கிட்டிருக்கு. மாசா மாசம் பலமான மருந்து ட்ரிப்ஸுல ஏத்தணும். கொறைக்கக் கூடாத நேரத்துல கொறச்சா ஒரு பக்கம் வெளங்காமப் போயிரலாம், உயிருக்கே கூட ஆபத்து. ஏத்தக் கூடாத நேரத்துல ஏத்துனா அந்த மருந்தே ஆளச் சாச்சிரும். ஒரே ஒரு பழைய படம் வேணும். அவ்வளவுதான்."

பழைய ரிப்போர்ட்டு இருக்கேம்மான்னு நீட்டுனேன். அதுல "அங்கங்கே சில புள்ளிகள்"னு போட்டிருக்கு. சிலன்னா எத்தன, அங்கங்கன்னா எங்கன்னு அந்தம்மா கேக்குறாங்க. நியாயமான கேள்விதான். அத எழுதுனவனத்தான கேக்கணும்.

சரி, இப்பச் சொல்லிர்றேன். நீங்க சிரிக்கக் கூடாது.

ரெண்டாயிரத்துப் பத்தொம்போது டிசம்பர் இருவத்தாறு ஞாபகம் இருக்கா? சூரிய கிரகணம். எங்க பக்கம் முழு வளையமாத் தெரிஞ்ச கிரகணம். அரைப்பரீட்சை லீவு. தெருவே எங்கிட்டத்தான் வந்து நின்னுச்சு, லேப்பு சார், எப்படிப் பாக்குறது, எதுல பாக்குறதுன்னு. அதுக்குன்னு வந்த கண்ணாடியெல்லாம் டவுனுக்காரங்க வாங்கி முடிச்சுட்டாங்க. எண்பதுல கிரகணம் வந்தப்ப எங்க வாத்தியாரு எக்ஸ்ரே பிலிமக் கண்ணுக்கு முன்னாடி வச்சுத்தான் காட்டுனாரு. எனக்கு அது நல்லா ஞாபகம். ஆனா இப்ப யாரு வீட்ல பிலிமு இருக்கு?

என் வீட்ல இருந்துச்சு. பீரோ மேல.

நீங்களே யோசிங்க. டாக்டரு பாத்தாச்சு, ரிப்போர்ட்டு வந்தாச்சு, மாத்திரை எழுதியாச்சு. கையெழுத்துப் போட்ட ரெக்கார்டு நோட்டு மாதிரிதான, அதுக்கப்புறம் அது என்ன வேலைக்கு ஆகும்? நல்லா கெட்டியான கறுப்புப் பிலிமு. ஒரே ஷீட்டு, அதுல இருவது படம். அஞ்சு வரிசை, வரிசைக்கு நாலு. காதுப் பக்கத்துல இருந்து உச்சந்தல வரைக்கும் மூளைய வாழக்கா சீவுன மாதிரி சீவிச் சீவி எடுத்த படம். ஒவ்வொண்ணுக்கும் நடுவுல கோடு வேற போட்டிருக்கான். வெட்டுறதுக்குன்னே போட்ட மாதிரி. கத்திரிக்கோல எடுத்து, கோட்டு மேலயே, ஒரு பிசிறு இல்லாம இருவது துண்டா வெட்டுனேன். வீட்டுக்கு ஒண்ணு.

அன்னிக்கி எங்க தெருவப் பாத்திருக்கணும் தம்பி. அத்தன பேரும் அண்ணாந்து நிக்கிறாங்க. வளையல் மாதிரி வந்து நின்னுச்சு சூரியன், ரெண்டு மூணு நிமிசம். பெரிய ஆளுகள்லாம் வந்து என் கையப் புடிச்சாங்க. என் சர்வீஸுல அப்படியொரு நாள் கெடையாது.

இந்திராணி வெளிய வரல. நான்தான் வரக் கூடாதுன்னேன். மூடநம்பிக்கைன்னு நெனச்சுறாதீங்க, நான் சயின்ஸு ஆளு. வெயிலு அவ ஒடம்புக்கு ஆகாதுன்னு டாக்டரு சொல்லியிருந்தாரு. "கிரகணத்தப்ப வெயிலு கம்மியாத்தானங்க இருக்கும்"னா. கேள்வி கேக்காதன்னேன்.

ஒரே ஒரு கொற. கடைசி வீடு போஸ்ட்மேன் அடைக்கலம் வீடு. அவருக்குக் குடுக்கத் துண்டு இல்ல. இருவது வெட்டுனேன், கையில பத்தொம்போதுதான் இருந்துச்சு. வீட்டுக்குள்ள போயி, கூட்டித் தள்ளிட்டியான்னு கேட்டேன். "பாக்கலங்க"ன்னா. அடைக்கலம் இன்னிக்கி வரைக்கும் அதச் சொல்லிக் காட்டுவாரு.

இத எப்படி தம்பி அந்த டாக்டரம்மாகிட்டச் சொல்றது? சொன்னேன். மூணாவது வாரம் சொல்லித்தான் ஆகணும்னு ஆகிப்போச்சு. அந்தம்மா திட்டல. "அந்தப் பிலிமுல சூரியனப் பாத்தா கண்ணுக்கே ஆகாது ஐயா"ன்னாங்க. அப்புறம், "சிடி குடுத்திருப்பாங்களே"ன்னாங்க.

சிடி குடுத்தாய்ங்க. அது எங்க கொய்யா மரத்துல தொங்குது. கிளி ஒரு பழத்த விடாது, சிடியக் கட்டித் தொங்கவிட்டா வெயில்ல மின்னும், கிளி அண்டாது. ஊரே அப்படித்தான் கட்டுது. போயி அவுத்துப் பாத்தேன். அஞ்சு வருச மழையில பின்பக்கப் பூச்செல்லாம் உரிஞ்சு சும்மா கண்ணாடியா இருக்கு. சரி, ஸ்கேன் எடுத்த எடத்துலயே கேப்போம்னு திண்டுக்கல்லுக்குப் போனேன். செண்டரு கை மாறிருச்சு, பழைய கம்ப்யூட்டரு இல்லன்னு சொல்லிட்டாய்ங்க.

அப்புறம் என்ன செய்ய? தெருவுல எறங்குனேன். அஞ்சு வருசம் முன்னாடி குடுத்ததத் திருப்பிக் கேட்டு ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நிக்கிறேன். மானம் போகுது. பால்காரரு வீட்டுல சன்னல் கண்ணாடி ஓட்டையில ஒட்டி வச்சிருந்தாய்ங்க, பிச்சு எடுத்தேன். தையல்கார ரெஜினாவக் கேட்டா, ஜாக்கெட்டுக் கழுத்துக்கு அளவா வெட்டி வச்சிருக்கு. படத்துல பாதி மூளைய வளைவா நறுக்கிருச்சு. ஒரு வீட்ல போகிக்கு எரிச்சாச்சு. ரெண்டு வீட்ல குடித்தனம் மாறிப் போயாச்சு. எல்லாம் அலஞ்சு தேடி ஆறு துண்டு, ரெஜினா குடுத்த அரை. இந்த ஒரு மாசத்துல நான் நல்லாத் தூங்கல தம்பி. படுத்தா அந்தம்மா சொன்னதுதான் காதுல. ஒரு பக்கம் வெளங்காமப் போயிரும், உயிருக்கே ஆபத்துன்னு. எனக்கு இவள விட்டா யாரு? இவகிட்டயும் சொல்ல முடியாது. எதையோ தேடுறேன், நீ கம்முனு இருன்னேன். கம்முனு இருந்தா.

இன்னிக்கிக் காலைல அந்த ஆறரைத் துண்டையும் கவர்ல போட்டு எடுத்துட்டுப் போனேன். டாக்டரம்மா சொன்னதால இன்னிக்கி இவளையும் உள்ள கூட்டிட்டுப் போனேன். அந்தம்மா ஒவ்வொண்ணா வெளக்குல வச்சு, மாத்தி மாத்தி அடுக்கிப் பாத்தாங்க. "இதெல்லாம் கீழ்ப்பக்கம் ஐயா. கண்ணு, காது இருக்கிற மட்டம். புள்ளிங்க மேல்ப்பக்கத்துல இருக்கு. அந்த மட்டத்துல ஒண்ணு கூட இல்ல"ன்னாங்க. அப்புறம் பேனாவ மூடி வச்சுட்டு, "ரிஸ்க்குதான். ஆனா அறிகுறி ஒண்ணும் இல்லன்னு சொல்றீங்க. அப்ப பழைய தழும்புன்னே எடுத்துக்கிட்டு மாத்திரையக் கொறைக்கலாமான்னு பாக்குறேன்"னாங்க.

ஆமாம்மா, ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கா, கொஞ்சம் கவனக்கொறவு, அவ்வளவுதான்னேன்.

அப்ப பின்னாடி இருந்து சத்தம். "எங்கிட்ட ஒண்ணு இருக்குங்க டாக்டரு."

இந்திராணி. பையத் தொறந்து, எப்பவும் அதுக்குள்ளயே கெடக்குற பழைய பாஸ்புக் கவரு ஒண்ணு, அதுக்குள்ள இருந்து எடுக்கிறா. அந்த இருவதாவது துண்டு. ஒரு கீறல் இல்ல, ஒரு மடிப்பு இல்ல. அடைக்கலத்துக்குப் போக வேண்டிய துண்டு தம்பி அது.

டாக்டரம்மா அத வாங்கி வெளக்குல வச்சாங்க. பக்கத்துல புதுப் படம். சரியா அதே மட்டம். எனக்கே தெரிஞ்சுச்சு, அதுக்கு டாக்டருக்குப் படிக்க வேண்டியதில்ல. பழசுல ஒரே ஒரு புள்ளி, வலது பக்கம் மேல. புதுசுல அந்த ஒண்ணும் இருக்கு, அதச் சுத்தி இன்னும் அஞ்சு.

நான் இவளத்தான் கேட்டேன். ஏன்டி, ஒரு மாசமா நான் தெருத் தெருவா அலையிறேன், வச்சுக்கிட்டுச் சும்மாவா இருந்தன்னு. நீங்களா இருந்தாக் கேப்பீங்களா மாட்டீங்களா? அதுக்கு இவ சொல்றா, டாக்டரு முன்னாடி, "எல்லா வீட்டுலயும் கேட்டீங்க. எங்கிட்டக் கேக்கவே இல்லையேங்க. என்ன தேடுறீங்கன்னு கேட்டதுக்கும் கம்முனு இருன்னீங்க. இன்னிக்கித்தான் எனக்கே தெரியும்."

என்ன பேச்சு பாத்தீங்களா? வீட்டுக்குள்ள இருக்கிறவகிட்ட யாராவது போயிக் கேப்பாங்களா?

அப்புறந்தான் டாக்டரம்மா இவளப் பாத்து, "அம்மா, இந்த ஒரு வருசத்துல ஒடம்புல என்ன மாத்தம் தெரிஞ்சுச்சு"ன்னாங்க. பெருசா ஒண்ணுமில்லம்மான்னு நான் ஆரம்பிச்சேன். "அவங்க சொல்லட்டும் ஐயா"ன்னாங்க. சரின்னு நிறுத்துனேன். அவ "கை..."ன்னு இழுத்தா. கை ஒண்ணுமில்ல டாக்டரு, தைக்கு முன்னாடி மரத்துச்சு, அப்பவே சரியாப் போச்சுன்னேன். அப்பத்தான் அந்தம்மா எந்திரிச்சு, கதவத் தொறந்து புடிச்சுக்கிட்டு, "நீங்க வெளிய போயி ஒக்காருங்க"ன்னாங்க. மரியாதையாத்தான் சொன்னாங்க. அதான் இன்னும் வலிக்குது.

இருவது நிமிசம் தம்பி. கடியாரத்தப் பாத்துக்கிட்டே இருந்தேன். உள்ள இவ பேசுற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு, நிக்கவே இல்ல. டம்ளருன்னு கேட்டுச்சு. செருப்புன்னு கேட்டுச்சு. கோலம்னு கேட்டுச்சு. நான் அவளத் திட்டுனதையெல்லாம் போட்டுக் குடுக்கிறான்னு மொதல்ல நெனச்சேன். டாக்டரு ஒவ்வொண்ணுக்கும் "எந்த மாசம், எந்தப் பக்கம்"னு கேட்டு எழுதிக்கிறாங்க. எல்லாம் எடது பக்கம். அந்த வெள்ளப் புள்ளியெல்லாம் வலது பக்கம். மூளையில வலதுன்னா ஒடம்புல எடது, அது எனக்குத் தெரியும். ஸ்கூல்ல அந்தப் படத்த செவுத்துல மாட்டுனதே நான்தான்.

கூப்புட்டாங்க, போனேன். திங்கக்கெழம சேக்கணும், ட்ரிப்ஸ் ஏத்தணும், ஆறு மாசம் மாசா மாசம்னாங்க. "அந்தத் துண்டு இல்லன்னா நான் இன்னிக்கி மாத்திரையக் கொறச்சிருப்பேன்"னாங்க. சம்மதப் பாரத்துல கையெழுத்து வேணும்னாங்க. நான் பேனாவ எடுத்தேன். "அவங்களே போடட்டும்"னாங்க. போட்டா. எடது கையால தாள அமுத்திப் புடிக்க வரல, தாளு நழுவிக்கிட்டே போகுது. நான் புடிக்கப் போனேன். "வேணாங்க"ன்னுட்டு, முழங்கைய வச்சு அமுத்திக்கிட்டு, இந்திராணின்னு முழுசா எழுதுனா. அவ கையெழுத்தே எனக்கு மறந்து போச்சு தம்பி. கல்யாணப் பதிவுல பாத்தது.

படியில எறங்கி வரும்போது கேட்டேன், எதுக்கு அந்தத் துண்ட எடுத்து ஒளிச்சு வச்ச, கிரகணம் பாத்தியான்னு. "இல்லங்க. வெளிய வரக் கூடாதுன்னீங்கள்ல"ன்னா. பின்ன எதுக்குன்னேன். "தெருவுல எல்லாரும் எந் தலைய வச்சு சூரியனப் பாத்தீங்க. அடுப்படியில டியூப்லைட்டு வெளிச்சத்துல புடிச்சு நான் என்னையப் பாத்தேன்"னா.

மத்தியான மாத்திரையக் குடுத்தேன், முழுங்குனா, பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டோம்.

ஒண்ணு சொல்றேன், நான் அன்னிக்கி அத வெட்டலன்னா அவ கைக்கு ஒரு துண்டு போயிருக்குமா? அதையும் யோசிக்கணும்ல. பீரோ மேல முழுசா இருந்திருக்கும், அதுவும் சரிதான். முழுசா இருந்திருந்தா மொத வாரமே டாக்டரு பாத்திருப்பாங்க. ஒரு மாசம் போயிருச்சு. அந்த ஒரு மாசத்துல புள்ளி கூடியிருக்குமான்னு கேக்கணும்னு நெனச்சேன். கேக்காமயே வந்துட்டேன்.

அந்தா பாருங்க. கையத் தூக்கி எதையோ சன்னல் வெளிச்சத்துல காட்டிப் பாக்குறா. அதான், அந்தத் துண்டுதான். "இத நீங்களே வச்சுக்கங்கம்மா, திங்கக்கெழம வரும்போது கொண்டாங்க"ன்னு டாக்டரு அவ கையில குடுத்துட்டாங்க. எங்கிட்டக் குடுக்கல. வெயிலு மூஞ்சியில அடிக்குது, ஆகாதுன்னு போயிச் சொல்லலாம்னு பாத்தேன். வேணாம், பாக்கட்டும். வலது கையாலதான் புடிச்சிருக்கா, பாத்தீங்களா? எடது கை மடியில சும்மா கெடக்கு. காலையில இருந்தே அப்படித்தான் கெடந்துச்சோ என்னமோ.

சத்திரப்பட்டி வரப் போகுது. இந்தாங்க உங்க கவரு, மடங்காமப் புடிச்சுக்கங்க. முன்வாசல்லதான எறங்குவீங்க? அப்ப எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணுங்க. அந்த மஞ்சச் சேலைகிட்ட ஒரு நிமிசம் நின்னு, "கை இப்ப எப்படி இருக்கும்மா"ன்னு கேளுங்க. நான் சொல்லி வந்ததாச் சொல்லாதீங்க. நான் கேட்டாச்சு தம்பி, ஏறும்போதே கேட்டேன். "ஒண்ணுமில்லங்க"ன்னுட்டா. நீங்க கேட்டாச் சொல்லுவா.